அளவும் ஊகமும்: கிரேட் காக்ஸ்வெல் கற்களஞ்சியத்தை முன்வைத்து

இங்கிலாந்தில் ஆக்ஸ்ஃபோர்டுஷயரின் ஃபேரிங்டன் நகரை அடுத்து கிரேட் காக்ஸ்வெல் என்றொரு கிராமம் இருக்கிறது. அங்கே வயல்களின் ஓரத்தில் ஒரு களஞ்சியம் நிற்கிறது. நீளம் 152 அடி, அகலம் 44 அடி, முகடு வரை உயரம் 48 அடி. சுவர் கல்லால் ஆனது, கூரையில் கல் ஓடு. உள்ளே அத்தனை பாரத்தையும் ஓக் மரங்கள் தாங்குகின்றன. எழுநூறு ஆண்டுகளைக் கடந்த இந்தக் கட்டடத்தில் கட்டியவர் பெயரும் ஆண்டும் எங்கும் பொறிக்கப்படவில்லை. இன்று அதைப் பற்றி நமக்குத் தெரிந்ததெல்லாம் அளந்தும், ஏடுகளைப் புரட்டியும், பிற களஞ்சியங்களோடு ஒப்பிட்டும், மரத்தைத் துளைத்து உள்ளே பார்த்தும் பலர் பல காலங்களில் சேர்த்தவை. அவர்கள் சேர்த்தவற்றில் எவை நிலைத்தன, எவை தள்ளப்பட்டன என்று பார்த்தால் பழைய கற்களஞ்சியம் ஒன்றை ஆவணப்படுத்தும் வேலை முழுவதும் விளங்கிவிடும்.

முதலில் இது என்ன வகைக் களஞ்சியம் என்பது தெளிவாக வேண்டும். நம் ஊரில் அறுவடை முடிந்ததும் கதிரைத் திறந்தவெளிக் களத்தில் அடித்து, தூற்றி, காயவைத்து, நெல்லாகத்தான் உள்ளே கொண்டுபோவோம். ஆகவே நம் குதிரும் பத்தாயமும் நான்கு பக்கமும் மூடிய கலங்கள். தஞ்சை மாவட்டத்துப் பாபநாசத்தில் நாயக்கர் காலத்தில் செங்கல்லால் எழுப்பிய நெற்களஞ்சியம் 36 அடி உயரம் என்கிறார்கள். அதுவும் அடித்த நெல்லை அடைத்து வைக்கும் கட்டடமே. இங்கிலாந்தின் ஈரவானத்தின் கீழ் இது நடக்காது. கோதுமையையும் வாற்கோதுமையையும் கட்டுக்கட்டாக, கதிரோடும் தாளோடும் கூரைக்குக் கீழே அடுக்கிவிடுவார்கள். பிறகு குளிர்காலம் நெடுக, வேண்டும்போது வேண்டிய அளவு எடுத்து அங்கேயே தடிகளால் அடிப்பார்கள். அடித்த தானியம் போவது வேறு கட்டடத்துக்கு. ஆகவே இந்தக் களஞ்சியத்துக்குள் ஒரு களமும் உண்டு. நெடுஞ்சுவர்களில் எதிரெதிராக வாயில்கள் வைத்ததற்கும் அதுவே காரணம். இரண்டையும் திறந்துவிட்டால் குறுக்கே பாயும் காற்றில் தூற்றலாம். வண்டி ஒரு வாயிலில் நுழைந்து மறு வாயிலில் வெளியேறலாம். அகலத்தையும், உயரத்தையும், வாயில் வைத்த இடத்தையும் தீர்மானித்தது இந்த வேலைமுறைதான். அதை அறியாமல் அளக்கப் போகிறவருக்கு வாயில் வெறும் வாயிலாகத்தான் தெரியும்.

காக்ஸ்வெல்லின் சுவர்கள் அந்த வட்டாரத்துச் சுண்ணாம்புக் கல்லால் ஆனவை. பெரும்பகுதி கரட்டுக்கல் கட்டுமானம். மூலைகளுக்கும் வாயில்களுக்கும் மட்டும் செதுக்கிய கல். வெளியே இடைவெளி விட்டு முட்டுச்சுவர்கள் எழுகின்றன. சன்னல் என்று சொல்லத்தக்கது இல்லை. காற்றுக்கான குறுகிய பிளவுகளும், கொத்தனார் சாரம் கட்டுவதற்காக விட்ட துளைகளுமே உண்டு. நெடுஞ்சுவர்களின் நடுவில் பக்கத்துக்கு ஒன்றாக இரு வாயில் முகப்புகள் வெளியே நீள்கின்றன. அவற்றில் ஒன்றின் மேல் ஒரு சிறு அறை இருக்கிறது. தானியப் பொறுப்பாளர் அங்கிருந்து வருகிற கட்டையும் போகிற மூட்டையையும் கண்காணித்திருக்கலாம் என்று கருதுகிறார்கள். கட்டடத்தின் இரு முனைகளிலும் இன்று காணும் பெரிய கதவுகள் பின்னாளில் சுவரை உடைத்து வைத்தவை.

உள்ளே போனால்தான் இந்தக் கட்டடத்தின் மேதைமை புலப்படும். இரண்டு வரிசை ஓக் தூண்கள் கட்டடத்தை நீளவாக்கில் மூன்றாகப் பகுக்கின்றன. நடுவே அகன்ற பாதை, இருபுறமும் குறுகிய இடைகழிகள். ஆறு இணைத் தூண்கள் ஏழு அங்கணங்களை உண்டாக்குகின்றன. ஒவ்வொரு தூணும் ஏறத்தாழ ஏழு அடி உயரமுள்ள கற்பீடத்தின் மேல் நிற்கிறது. மரத்தின் அடி தரையின் ஈரத்தைத் தொடக் கூடாது, திரும்பும் வண்டிச் சக்கரம் தூணில் இடிக்கவும் கூடாது என்ற முன்யோசனை அந்தப் பீடங்களில் தெரிகிறது. தூண் இணை ஒவ்வொன்றுக்கும் நடுவே இன்னொரு வகைச் சட்டகம் வருகிறது. அதற்குத் தூண் கிடையாது. சுவரிலிருந்தே கிளம்பி உள்நோக்கி வளைந்தேறும் பெருமரங்கள் கூரையைத் தாங்குகின்றன. ஒன்றுவிட்டு ஒன்றாக இப்படி மாற்றியதால் தூண்களின் எண்ணிக்கை பாதியாகி, வண்டி திரும்ப இடம் கிடைத்தது. கழுந்தும் துளையும் சேர்த்து, மர முளை அடித்து இறுக்கிய மூட்டுகளே அத்தனை கல் ஓட்டின் பாரத்தையும் சுவருக்கும் தூணுக்கும் இறக்குகின்றன. அந்த ஓடுகளும் ஒரே அளவானவை அல்ல. இறவாணத்தில் பெரியவை, மேலே போகப்போகச் சிறியவை. வரைபடத்தில் ஓடுகளை ஒரே சீராகக் கோடு போட்டுவிட்டால் ஒரு கைத்தொழிலின் அறிவு முழுவதும் தாளிலிருந்து விழுந்துவிடும்.

இது யாருடையது என்ற கேள்விக்கு ஏடுகள் ஓரளவு விடை தருகின்றன. இங்கிலாந்து மன்னர் ஜான் 1203இல் ஃபேரிங்டன் நிலங்களை சிஸ்டெர்சியன் துறவியருக்குக் கொடுத்தார். அடுத்த ஆண்டே அவர்களின் மடம் தெற்கே ஹாம்ப்ஷயரில் உள்ள பியூலிக்கு மாறியது. ஃபேரிங்டன் நிலங்களோ மடத்தின் கையிலேயே இருந்து, தொலைதூரப் பண்ணைகளாக நடந்தன. அரசர் எட்டாம் ஹென்றியின் காலத்தில், 1538இல், பியூலி மடம் கலைக்கப்படும்வரை இந்த ஏற்பாடு நீடித்தது. இதைப் பதின்மூன்றாம் நூற்றாண்டிலேயே எழுத்தில் காட்டும் அரிய சான்று ஒன்று உண்டு. 1269–70 ஆண்டுக்கான பியூலி மடத்துக் கணக்கேடு அது. மடத்தின் பண்ணைகளிலும் தொழிற்கூடங்களிலும் வந்தது என்ன, போனது என்ன என்று துறைவாரியாக அதில் எழுதியிருக்கிறார்கள். அதை ஹாக்கி என்ற ஆய்வாளர் பதிப்பித்து 1975இல் வெளியிட்டார்.

இத்தனை இருந்தும் இக்கட்டடத்தைத் தசமபாகக் களஞ்சியம் என்றே பலர் எழுதுகிறார்கள். தசமபாகம் என்பது ஊரார் தம் விளைச்சலில் பத்தில் ஒரு பங்கைத் தேவாலயத்துக்குச் செலுத்துவது. காக்ஸ்வெல்லில் குவிந்ததோ மடம் தன் சொந்தப் பண்ணையில் விளைவித்த தானியம். இந்தப் பிழையை அற்பம் என்று விட முடியாது. தசமபாகக் களஞ்சியம் என்றால் அளவு ஊரின் விளைச்சலைக் காட்டும். பண்ணைக் களஞ்சியம் என்றால் ஒரே உடைமையாளரின் சாகுபடியையும், அவர் கையிலிருந்த உழைப்பையும், தானியத்தைத் தேக்கிவைக்க அவருக்கு இருந்த வலுவையும் காட்டும். ஒரே 152 அடி இரு வேறு வரலாறுகளைச் சொல்லக்கூடியது. எதைச் சொல்கிறது என்பதை ஏடுதான் முடிவு செய்யும்.

கட்டடத்தின் மேல் முதலில் வெளிச்சம் விழச் செய்தவர்களில் வில்லியம் மோரிஸ் முக்கியமானவர். கவிஞராகவும் வடிவமைப்பாளராகவும் சோசலிசவாதியாகவும் அறியப்பட்ட அவர் 1871 முதல் பக்கத்திலுள்ள கெல்ம்ஸ்காட் வீட்டில் வசித்தார். தம்மைப் பார்க்க வந்தவர்களைக் காக்ஸ்வெல்லுக்கு அழைத்துப் போவார். பேராலயங்களுக்கு நிகராக அதை மதித்தார். 1877இல் அவர் முன்னின்று தொடங்கிய பழங்கட்டடப் பாதுகாப்புச் சங்கம், பழையதைப் புதிதாக்கிக் காட்டும் சீர்திருத்தத்தை எதிர்த்தது. ஒழுகாமல், விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள், காலம் பதித்த தடத்தைச் சுரண்டாதீர்கள் என்பதே அதன் நிலை. களஞ்சியத்தை ஆவணப்படுத்தும் ஒவ்வொருவரும் இதற்குக் கடன்பட்டவர். ஏனெனில் சுரண்டிய சுவரில் படிக்க எதுவும் மிஞ்சாது. ஆனால் மோரிஸ் அளக்கவில்லை. அவர் கண்டது அழகையும் உழைப்பின் கண்ணியத்தையும். அளந்த ஆவணம் வர இன்னும் முக்கால் நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று.

அதைச் செய்தவர்கள் இருவர். வால்டர் ஹார்ன் ஜெர்மனியில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய கலை வரலாற்றாளர். கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் பேராசிரியர். எர்னஸ்ட் பார்ன் சான் ஃபிரான்சிஸ்கோவின் கட்டடக் கலைஞர். காக்ஸ்வெல்லையும், பியூலியை அடுத்த செயின்ட் லெனார்ட்ஸ் பண்ணையில் இடிபாடாகக் கிடக்கும் இன்னொரு பெருங்களஞ்சியத்தையும் பற்றி இருவரும் சேர்ந்து எழுதிய நூல் 1965இல் வெளிவந்தது. வரலாற்றாளரும் வரைகலைஞரும் ஒரே கட்டடத்தின் முன் சேர்ந்து நின்றதுதான் அதன் பலம். தரைப்படம், நெடுக்கு வெட்டு, குறுக்கு வெட்டு, மூட்டுகளின் பெரிதாக்கிய படங்கள் எல்லாம் பார்னின் கைவண்ணம். குறுக்கு வெட்டுப் படத்தைப் பார்த்தால் பாரம் எங்கிருந்து புறப்பட்டு எங்கே இறங்குகிறது என்று விரல் வைத்துத் தொடரலாம். நல்ல வரைபடத்துக்கு நான் கேட்பது அதைத்தான்.

ஆனால் கட்டடத்தின் வயதைப் பற்றிய கணிப்பு அப்படி நிலைக்கவில்லை. கொத்துவேலையின் பாணியையும், மடத்தின் வரலாற்றையும், மரத்தின் கதிரியக்கக் கார்பன் அளவீட்டையும் வைத்து, 13ஆம் நூற்றாண்டின் முற்பகுதியையோ நடுப்பகுதியையோ ஒட்டியது என்று வெகுநாள் எழுதி வந்தார்கள். கார்பன் முறை பல பத்தாண்டுகள் முன்பின்னாகத்தான் பேசும். ஒரு நூற்றாண்டுக்குள்ளேயே தீர்க்க வேண்டிய வழக்கில் அது போதாது. பிறகு ஓக் மரத்தின் ஆண்டு வளையங்களை எண்ணியபோது விடை 1292ஐ ஒட்டி வந்து நின்றது.

இந்த முறையைச் சற்று விளக்க வேண்டும். மழையும் வெயிலும் நன்றாக அமைந்த ஆண்டில் வளையம் அகலமாகவும், வறண்ட ஆண்டில் ஒடுங்கியும் அமையும். ஒரு வட்டாரத்து மரங்களில் இந்த வரிசை ஏறக்குறைய ஒத்திருக்கும். தூணில் மெல்லிய குழல் துரப்பணத்தால் ஒரு மாதிரியை எடுத்து, வளைய அகலங்களை அளந்து, ஆண்டு தெரிந்த நெடுவரிசையோடு பொருத்துகிறார்கள். பொருத்தம் நம்பத்தக்கதாக இருக்கப் பொதுவாக 50 வளையங்களாவது வேண்டும். மாதிரியில் பட்டையை ஒட்டிய கடைசி வளையம் இருந்தால் மரம் வெட்டிய பருவத்தையே சொல்லிவிடலாம். தச்சர் வெளிப்புற வெள்ளையைச் செதுக்கி எறிந்திருந்தால் கணக்கு தளர்ந்துவிடும். தென் இங்கிலாந்து ஓக்கில் வெள்ளைப் பகுதி 9 முதல் 41 வளையங்கள் வரை இருக்கக்கூடும் என்பதால், அந்த அளவுக்கு இடம் விட்டே ஆண்டு சொல்ல வேண்டும். இடைக்காலத் தச்சர்கள் ஓக்கைப் பச்சையாக இருக்கும்போதே இழைத்தார்கள். காய்ந்தால் உளி இறங்காது. அதனால் வெட்டிய ஆண்டும் கட்டிய ஆண்டும் பெரும்பாலும் அடுத்தடுத்தே இருக்கும்.

1292 என்றானதும் பழைய முடிவுகள் சில இடம் மாறின. 1269–70 கணக்கேடு பேசுவது இன்று நாம் காணும் இந்தக் கட்டடத்தை அல்ல. அதற்கு ஒரு தலைமுறை முந்திய பண்ணையை. அப்போது தானியம் எங்கே குவிக்கப்பட்டது, பெருங்கட்டடம் ஏன் அந்த நூற்றாண்டின் இறுதியில் தேவைப்பட்டது என்ற புதிய கேள்விகள் எழுந்தன. தேதி மாறியும் பார்னின் வரைபடத்தில் ஒரு கோடும் மாறவில்லை என்பதே இதில் கவனிக்க வேண்டியது. அறுபது ஆண்டுகள் கழித்தும் அந்தப் படங்கள் பயன்படுகின்றன. கண்டதை ஒரு பக்கமும் கருதியதை இன்னொரு பக்கமும் பிரித்து எழுதிய ஆவணம், கருதியது தவறிப்போனாலும் உதவும். இரண்டையும் கலந்து, காலக்கணிப்புக்கு ஏற்றபடி படத்தையே திருத்தி வரைந்தவர்களின் உழைப்பு கணிப்போடு சேர்ந்து போயிற்று. இடிந்த பகுதியை ஊகித்து நிரப்புபவர் அதைப் புள்ளிக்கோட்டால் வரைய வேண்டும் என்ற விதி இந்தக் காரணத்தால்தான் வந்தது.

ஹார்னும் பார்னும் எழுதிய அதே காலத்தில் எஸ்ஸெக்ஸில் இன்னொரு பாதை பிறந்தது. பல்கலைக்கழகப் பதவி இல்லாத பள்ளி ஆசிரியரான செசில் ஹெவெட், மர மூட்டுகளை மட்டும் வைத்தே கட்டடங்களுக்கு வரிசைமுறை கண்டார். விட்டமும் தூணும் சேரும் இடத்தில் தச்சர்கள் வெட்டிய வடிவம் தலைமுறைக்குத் தலைமுறை மாறுகிறது, அந்த மாற்றத்தைப் பின்பற்றினால் காலம் தெரியும் என்பது அவர் வாதம். அவருடைய நூல் 1969இல் வந்தது. க்ரெஸ்ஸிங் டெம்பிள் என்ற இடத்திலுள்ள இரு மரக் களஞ்சியங்களை 13ஆம் நூற்றாண்டுக்குக் கொண்டுபோனபோது பலர் நம்ப மறுத்தார்கள். பின்னால் வந்த வளையக் கணிப்பு அவரை ஆதரித்தது. அவருடைய முறைக்கு எல்லையும் உண்டு: மூட்டு வடிவம் வட்டாரத்துக்கு வட்டாரம் முன்பின்னாகப் பரவும், ஒரு மூட்டை மட்டும் வைத்து ஆண்டு சொல்வது ஆபத்து. ஆனால் தச்சரின் உளித்தடத்தை வரலாற்றுச் சான்றாக ஏற்கவைத்த பெருமை அவருடையது.

ஃபிரான்சில் வரலாற்றாளர் சார்ல் இகூனே 1965இலேயே வேறொரு கோணத்தில் எழுதினார். பாரிசுக்கு வடக்கே வோலெராங்கில் ஷாலி மடத்துக்குச் சொந்தமான பெரிய கற்களஞ்சியம் நிற்கிறது. அதுவும் சிஸ்டெர்சியன் பண்ணையே. இகூனே கட்டடத்தை மையமாக்காமல் அதைச் சூழ்ந்த நிலத்தை எடுத்துக்கொண்டார். வயல்கள் எப்படிச் சேர்ந்தன, எவ்வாறு உழப்பட்டன, எப்போது குத்தகைக்குப் போயின என்று 12 முதல் 15ஆம் நூற்றாண்டு வரை தொடர்ந்தார். ஹார்ன்–பார்ன் நூலையும் இகூனே நூலையும் அடுத்தடுத்து வைத்துப் படித்தால் ஒன்றின் குறையை மற்றது நிரப்புவது தெரிகிறது. காக்ஸ்வெல்லுக்கு அந்த அளவுக்கு விரிவான நில வரலாறு வேண்டும் என்பது என் எண்ணம். சுவரை மட்டும் அளந்தால் அந்தச் சுவருக்குள் எதற்கு இத்தனை இடம் என்பது விளங்காது.

ஏடும் மரமும் ஒன்றையொன்று சரிபார்க்கும் இடங்களும் உண்டு. லண்டனுக்கு மேற்கே ஹார்மண்ட்ஸ்வொர்த்தில் 192 அடி நீள மரக் களஞ்சியம் ஒன்று இருக்கிறது. அது வின்செஸ்டர் கல்லூரியின் உடைமையாக இருந்தபோது கட்டப்பட்டது என்பதால், 1426–27ஐ ஒட்டிய கட்டுமானச் செலவுகள் கல்லூரிக் கணக்கில் கிடைக்கின்றன. மர வளையமும் அதே காலத்தைக் காட்டியது. இப்படிக் கணக்கேடு தப்பியவை மிகச் சில.

இப்போது கருவிகளுக்கு வருவோம். அளவு நாடா, தூக்குக்குண்டு, ரசமட்டம், மூலைவிட்டம் அளந்து சதுரம் சரிபார்ப்பது என்பதே நெடுங்கால முறை. தரைப்படத்தைப் பொதுவாக 1:50 அளவிலும், மூட்டை 1:20 அல்லது அதைவிடப் பெரிதாகவும் வரைவார்கள். இன்று லேசர் வருடல் சில மணி நேரத்தில் கோடிக்கணக்கான புள்ளிகளைத் திரட்டிவிடுகிறது. எட்டாத முகட்டின் சாய்வும் மில்லிமீட்டர் அளவில் கிடைக்கிறது. கூரை எங்கே தொய்ந்தது, சுவர் எவ்வளவு வெளியே சாய்ந்தது என்று பார்க்க இதைவிடச் சிறந்த வழி இல்லை. ஆனாலும் புள்ளித்திரள் எந்த மரம் முதல் நாளிலிருந்து அங்கே இருக்கிறது, எது வேறிடத்திலிருந்து வந்தது என்று சொல்லாது. வெறுமையாக நிற்கும் ஒரு துளை அங்கே முன்பு ஏதோ பொருந்தியிருந்தது என்பதற்குச் சாட்சி. சட்டகங்களைத் தரையில் வைத்துப் பொருத்திப் பார்த்துவிட்டுக் கழற்றி மேலேற்றுமுன் தச்சர்கள் உளியால் கீறிய ரோமன் எண்கள் வரிசையாக வருகின்றனவா, நடுவில் முறிகின்றனவா என்று பார்த்தால் பின்னாளில் இடம் மாறியவை அகப்படும். சுவரில் நேர்க்கோடாக இறங்கும் இணைப்பு, ஒரு பகுதி எழுந்து நின்ற பிறகு மறு பகுதி வந்து ஒட்டியதைக் காட்டும். இவற்றைக் கைவிளக்கைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்து ஒருவர் நின்று பார்க்க வேண்டும். வரைகிறபோது கை ஒவ்வொரு கோட்டுக்கும் காரணம் கேட்கும். அதனால் லேசர் வருடிய பிறகும் முக்கியமான ஒரு சட்டகத்தையாவது கையால் வரைவது நல்லது.

எவ்வளவு ஆழம் போக வேண்டும் என்பதற்கு இங்கிலாந்தின் வரலாற்றுச் சின்ன நிறுவனம் தன் கையேட்டில் நான்கு படிகள் வகுத்திருக்கிறது. முதல் படி வெளிப்புறப் புகைப்படமும் சிறு குறிப்பும். நான்காம் படி முழு அளவுப் படங்கள், ஏட்டுச் சான்று, ஒப்பீட்டு ஆய்வு. நல்ல ஏற்பாடுதான். ஆனால் நடைமுறையில் நான்காம் படி காக்ஸ்வெல் போன்ற புகழ்பெற்றவற்றுக்குப் போய்ச் சேர்கிறது. பெயரில்லாத களஞ்சியத்துக்கு முதல் படியே கிடைத்தால் பெரிது. எனக்கு இது தலைகீழாகப் படுகிறது. மடத்துக் களஞ்சியத்துக்கு ஏடு இருக்கிறது, நூல் இருக்கிறது, 1956 முதல் தேசிய அறக்கட்டளையின் காவலும் இருக்கிறது. சிறு விவசாயி கட்டியதற்குக் கட்டடத்தைத் தவிர வேறு சான்று இல்லை.

ஆவணப்படுத்துபவர்கள் அதிகம் தவறவிடுவது கட்டிய நாளுக்குப் பிந்திய வாழ்க்கையை. 1786இல் ஸ்காட்லாந்தின் ஆண்ட்ரூ மெய்க்கிள் கதிரடிக்கும் இயந்திரத்தைச் செய்தார். குளிர்காலம் முழுக்கத் தடியடித்துப் பிழைத்த கூலிகளின் வேலை அதோடு ஆட்டம் கண்டது. 1830இல் தென் இங்கிலாந்தெங்கும் அவர்கள் திரண்டு அந்த இயந்திரங்களை உடைத்தார்கள். களஞ்சியச் சுவரில் இயந்திரத் தண்டு நுழையக் குடைந்த துளையும், பக்கத்தில் குதிரைகள் சுற்றிவர எழுப்பிய வட்டக் கொட்டிலும் இந்த வரலாற்றின் பக்கங்கள். இடைக்கால வடிவத்தை மட்டும் தேடுபவர் இவற்றை இடையூறு என்று ஒதுக்குவார். பிறகு அறுவடை இயந்திரமே வயலில் அடித்துப் பிரித்துக் கொடுக்கத் தொடங்கியதும் களஞ்சியத்துக்கு வேலையே இல்லாமல் போயிற்று.

இங்கிலாந்தில் 2014 முதல் பண்ணைக் கட்டடங்களை முழுத் திட்ட அனுமதி இல்லாமலே வீடாக மாற்ற வழி திறந்திருக்கிறது. பாதுகாப்புப் பட்டியலில் உள்ளவற்றுக்கு இது பொருந்தாது. பட்டியலில் இடம் பெறாத எளிய கற்களஞ்சியங்கள் பலவற்றுக்குப் பொருந்தும். வீடானால் கூரை பிழைக்கும், கட்டடம் நிற்கும்; அதை வேண்டாம் என்று சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் உள்ளே தளம் போட்டு, சுவருக்கு அட்டை ஒட்டி, பிளவுகளைக் கண்ணாடிச் சன்னலாக்கிய பின் களம் எங்கே இருந்தது, கட்டுகள் எவ்வளவு உயரம் எழுந்தன என்பதைச் சுவரில் காண முடியாது. அளவெடுக்க வேண்டியது அதற்கு முன்பு.

யார்க்ஷயரின் ஸ்வேல்டேல் பள்ளத்தாக்கை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே புல்வெளிக்கு ஒன்றாகச் சிறு கற்களஞ்சியங்கள் சிதறி நிற்கின்றன. கீழே மாடு, மேலே வைக்கோற்புல். குளிர்காலத்தில் மாட்டை ஊருக்கு ஓட்டாமல், தீனியை அங்கேயே போட்டு, எருவை அதே புல்வெளிக்கு இறைக்கும் ஏற்பாடு. சுவர்கள் இரட்டைத் தோலாக எழுந்து, நடுவே சில்லுக் கல் நிரம்பி, இடையிடையே இரு புறத்தையும் பிணைக்கும் ஊடுகற்கள் வரிசையாக வெளியே துருத்திக்கொண்டிருக்கும். 1989இல் ஸ்வேல்டேலும் ஆர்கன்கார்த்டேலும் சேர்ந்த ஒரு பாதுகாப்புப் பகுதி அறிவிக்கப்பட்டது. அதற்குள் ஆயிரத்துக்கும் மேற்பட்ட களஞ்சியங்கள் உள்ளன. ஒவ்வொன்றுக்கும் நான்காம் படி ஆய்வு நடக்கப்போவதில்லை. ஆனால் தரைப்படம் ஒன்று, குறுக்கு வெட்டு ஒன்று, நான்கு பக்கப் புகைப்படம், மாடு கட்டிய கல்தடுப்புகளின் எண்ணிக்கை, புல் தள்ளும் திறப்பின் இடம், அங்கே வேலை செய்த முதியவரின் வாய்மொழி என்ற அளவுக்கு உள்ளூர்க்காரர்களே செய்துவிட முடியும். இவற்றில் முதலில் பதிய வேண்டியது வாய்மொழி. சுவர் இன்னும் சில குளிர்காலங்கள் நிற்கும்.